மாலை போட்ட மெஷின்

மெஷினின் கைப்பிடியில் காய்ந்த சாமந்தி மாலை சுற்றியிருந்தது. மூடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். மரம் விழுந்து முழுதாக ஒரு நாள் போன பிறகு, ராஜசேகரன் சார் அதைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தெருத் தண்ணீரில் நடந்து வந்தார். மரம் அறுக்கிற மெஷின் ஐயா அது, மாப்பிள்ளை இல்லை. பார்த்ததும் எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

என் பெயர் அன்வர் பாஷா. பூந்தமல்லியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மருந்தடிக்கிற ஸ்பிரேயர், புல் வெட்டுகிற மெஷின், மரம் அறுக்கிற மெஷின், ஜெனரேட்டர் என்று பெட்ரோல் குடிக்கிற எதையும் பிரித்து மாட்டுவேன். இருபத்திரண்டு வருஷத் தொழில். வீடு அயனம்பாக்கத்தில், ஏரி ஓரம். எங்கள் தெருவுக்கு ஒரே வழிதான். கடைசி வீட்டுக்குப் பின்னால் ஏரி, ஒரு பக்கம் நெடுக ஒரு கம்பெனியின் மதில். தெரு முனையில் நின்ற தூங்குமூஞ்சி மரம் செவ்வாய்க்கிழமை விடியற்காலைப் புயலில் வேரோடு சாய்ந்து, மின்கம்பத்தையும் இழுத்துக்கொண்டு, மதிலுக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் நடுவில் படுத்துவிட்டது. கிளையும் கம்பியும் பின்னிக் கிடந்ததில் ஒரு பூனை நுழையலாம், ஆள் நுழைய முடியாது. லைன்மேன் அந்தப் பக்கமே நின்று கரண்டை நிறுத்திவிட்டுப் போனார். அது ஒன்றுதான் நேரத்துக்கு நடந்த காரியம்.

என் மனைவி ராபியாவுக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் அம்பத்தூரில் டயாலிசிஸ். செவ்வாய் போக முடியவில்லை. புதன்கிழமை காலையில் அவள் முகம் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரவெல்லாம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். சென்டருக்குப் போன் போட்டேன். பன்னிரண்டு மணிக்குள் வந்தால் ஒரு படுக்கை தருகிறோம், இன்னும் ஒரு நாள் தள்ளினால் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொள்ளும், அப்புறம் எங்கள் கையில் இல்லை என்று சிஸ்டர் சொன்னார். ஆம்புலன்ஸ்காரர் மரத்துக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறேன் என்றார். மரத்தைத் தாண்டி அவளைக் கொண்டுபோவது என் பாடு. ஏறி இறங்குகிற உடம்பு இல்லை அவளுக்கு. நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போக மூன்றடி வழி வேண்டும். உலகத்தில் அந்த மூன்றடி தவிர வேறெதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

போன் போட்ட இடத்தில் எல்லாம் லிஸ்ட்டில் சேர்த்துவிட்டோம், ஊர் முழுக்க மரம் விழுந்திருக்கிறது, முறைப்படிதான் வருவார்கள் என்றார்கள். என் கடையில் நான்கு மெஷின் இருக்கிறது. நான்கும் மரத்துக்கு அந்தப் பக்கம், முட்டளவு தண்ணீர் நிற்கிற பூந்தமல்லி ரோட்டுக்கும் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இருந்தது ஒன்றே ஒன்று, தெருச் சங்கத்து மெஷின். அதற்குத்தான் மாலை போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷப் புயலுக்குப் பிறகு சங்கத்தில் மெஷின் வாங்குவதாக முடிவானது. நான்தான் கூடப் போய்ப் பார்த்து எடுத்தேன். கடைக்காரன் பதினெட்டு அங்குலப் பட்டை போட்டு வைத்திருந்தான். பட்டை என்றால் செயின் சுற்றி ஓடுகிற அந்த நீள இரும்பு. இது முருங்கை மரத்துக்குத்தான் ஆகும், எங்கள் தெரு மரத்துக்கு ஆகாது என்று சண்டை போட்டு, இருபத்திரண்டு அங்குலப் பட்டையும் அதற்கேற்ற செயினும் மாட்டவைத்தேன். வீட்டுக்கு வந்ததும் நானே அரம் போட்டு ஒவ்வொரு பல்லாகத் தீட்டினேன். மாதம் ஒரு தடவை பத்து நிமிஷம் ஓட்டுங்கள், ஓட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்துவிடுங்கள், ஆயில் கலந்த பெட்ரோல் உள்ளே கிடந்தால் பிசின் கட்டிவிடும் என்று போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் படித்துப் படித்துச் சொன்னேன்.

அப்புறம் மெஷினை எங்கே வைப்பது என்று பேச்சு வந்தது. என் கடையில் இருக்கட்டும், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். நல்ல மனசோடுதான் சொன்னேன். ராஜசேகரன் சார்தான் செக்ரட்டரி. ஏதோ ஆபீசில் சூப்பிரண்டாக இருந்து ரிட்டையர் ஆனவர். கொசு மருந்து அடிப்பதற்குக்கூட மினிட் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிற ஆள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"கடைக்குப் போனா அது வாடகைக்குப் போயிடும் பாய். சங்கத்துச் சொத்து, செக்ரட்டரி வீட்லயே இருக்கட்டும்."

முப்பது குடும்பம் உட்கார்ந்திருந்தது. நாலைந்து பேர் சிரித்தார்கள். யார் யார் சிரித்தார்கள் என்று இன்றைக்கும் என்னால் வீட்டு நம்பரோடு சொல்ல முடியும். கையிலிருந்த ஸ்பானரையும் அரத்தையும் அவர் மேஜை மேல் போட்டேன்.

"இனிமே அந்த மெஷினைத் தொட்டேன்னா என் பேரு அன்வர் பாஷா கெடையாது."

சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு தெருவில் அவர் எதிரே வந்தால் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

அப்படிப்பட்ட மெஷினைத்தான் புதன்கிழமை காலை எட்டரை மணிக்கு என் முன்னால் நீட்டினார். பிடுங்கினேன். மாலையை அறுத்துத் தண்ணீரில் வீசினேன். மரத்தின் மேல் வைத்துக் கயிற்றை இழுத்தேன். பத்து இழுப்பு, பதினைந்து இழுப்பு, தோள்பட்டை கழன்று வந்ததே தவிர ஒரு இருமல்கூட இல்லை. டேங்க் மூடியைத் திறந்தேன். வார்னிஷ் வாடை அடித்தது. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றிப் பார்த்தேன். டீ டிகாஷன் நிறத்தில் பிசுபிசுவென்று ஒட்டியது. நான் போன வருஷம் கலந்து ஊற்றிய பெட்ரோல் அது, அப்படியே இருந்தது.

அப்புறம் என் வாயிலிருந்து வந்ததை எழுத முடியாது. அவருடைய வயசுக்கு, படிப்புக்கு, தலை நரைத்ததற்கு எதற்கும் மரியாதை வைக்கவில்லை. தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வேட்டியை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி நின்றார். அவர் பதில் பேசாதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கை மட்டும் வேலை செய்தது. டேங்கைக் கவிழ்த்தேன். வீட்டில் என் பையில் டூ-டி ஆயில் ஒரு பாக்கெட் கிடந்தது. ராஜசேகரன் சாருடைய மருமகள் பவித்ரா தன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அதிலிருந்து டியூப் போட்டுப் பெட்ரோல் எடுத்து ஆயிலைக் கலந்தேன். கார்புரேட்டரைக் கழற்றினால் உள்ளே பெட்ரோல் வருகிற ஊசித் துவாரம் அரக்கு வைத்த மாதிரி அடைத்திருந்தது. அறுந்து கிடந்த கேபிளிலிருந்து ஒரு இழை செம்புக் கம்பியை உருவி, குத்திக் குத்தி எடுத்தேன். பிளக்கைத் துடைத்தேன். எல்லாம் மாட்டி இழுத்தபோது நாலாவது இழுப்பில் பிடித்தது. மணி ஒன்பதே கால்.

தொடை கனத்தில் இருந்த முதல் கிளை மேல் செயினை வைத்தேன். புகை வந்தது. மரம் கருகுகிற வாடை வந்தது. அறுபடவில்லை. அழுத்தினேன். இன்னும் புகை. நான் தீட்டிய செயின் மழுங்குமா? இதை வைத்து என்ன செய்தார்கள், வீட்டு ஆணியை அறுத்தார்களா என்று எஞ்சின் சத்தத்துக்கும் மேலே கத்தினேன். ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். இருபத்திரண்டு வருஷத் தொழில்காரன் பார்க்கவில்லை. என் கண் செயின் மேல் இல்லை, ராஜசேகரன் சார் மேல் இருந்தது. அப்படியே பத்து நிமிஷம் போனது. அந்தப் பத்து நிமிஷம் ராபியாவின் மூச்சிலிருந்து போனது.

பவித்ராதான் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னாள். செயின் பல்லெல்லாம் திரும்பி இருக்கிற மாதிரி தெரிகிறது அங்கிள் என்றாள். குனிந்து பார்த்தேன். தலைகீழாக மாட்டியிருந்தது. வெட்டுகிற முனை பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அழுகிற குரலில் சொன்னாள், ஆயுத பூஜைக்குக் கழுவிப் பொட்டு வைப்பதற்காக அவளேதான் கழற்றினாளாம், ஷாம்பு தண்ணீரில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்து, பளபளவென்று துடைத்து மாட்டினாளாம். எந்தப் பக்கம் என்று தெரியவில்லையாம். அத்தனை பக்தியோடு கெடுத்து வைத்திருந்தாள். தெரியவில்லை என்றால் என்னிடம் கேட்க வேண்டியதுதானே, ஐந்தாவது வீட்டில்தானே இருக்கிறேன் என்று அவள் மேல் பாய்ந்தேன்.

அப்போதுதான் ராஜசேகரன் சார் முதல் தடவையாக வாயைத் திறந்தார். சத்தம்கூடப் போடவில்லை.

"கேக்கத்தானே பாய் அவளை உங்க வீட்டுக்கு அனுப்பினேன். பூஜைக்கு நாலு நாள் முன்னாடி. ஸ்டார்ட் ஆகலன்னு."

பட்டை மூடியின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

வந்தாள். உண்மைதான். அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மெஷின் ஸ்டார்ட் ஆகவில்லை, ஒரு தடவை வந்து பார்க்க முடியுமா அங்கிள் என்று வாசலில் நின்று கேட்டாள். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. முப்பது பேர் முன்னாடி சொன்னதை உன் மாமனார் முப்பது பேர் முன்னாடி வாபஸ் வாங்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொல்லி அனுப்பினேன். ராபியா குழம்புக் கரண்டியோடு பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் போன பிறகு எனக்கு இன்னொரு கரண்டி சோறு இறங்கியது. மெஷின் ஓடவில்லை என்று கேட்டதில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்து அதை மூடப்போவதில்லை.

செயினைத் திருப்பி மாட்டினேன். அவசரத்தில் நட்டு ஒன்று இரண்டு தடவை தண்ணீரில் விழுந்தது. பவித்ரா துழாவி எடுத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை வைத்ததும் இறங்கியது. வெண்ணிறத் தூள் முழங்கால் வரைக்கும் கொட்டியது. இரண்டு கிளை போனது, மூன்றாவது போனது. நான் அறுக்க அறுக்க ராஜசேகரன் சாரும் பவித்ராவும் மற்றவர்களும் கிளைகளை இழுத்துப் போட்டார்கள். அடிமரத்தில் வைத்த ஐந்தாவது நிமிஷம் பட்டையிலிருந்து நீலப் புகை எழுந்தது.

நிறுத்தினேன். மெஷினைத் தூக்கி, பட்டை நுனியை எதிர்வீட்டு வெள்ளைச் சுவரிடம் காட்டி ஓட்டிப் பார்த்தேன். செயினுக்கு எண்ணெய் போகிறதென்றால் சுவரில் ஒரு கோடாகத் தெறிக்கும். கோடு விழவில்லை. கழற்றினேன். பட்டைக்கு எண்ணெய் வருகிற ஓட்டையில் சந்தனம் கல்லாக இறுகியிருந்தது. பொட்டு வைக்க அந்த இடம்தான் கிடைத்தது. இப்படியே ஓட்டினால் செயின் அறுந்து முகத்தில் அடிக்கும். கம்பி இழை அதற்குள் நுழைந்து மடங்கிப்போனது. ஊசி வேண்டும் என்று கத்திக்கொண்டு வீட்டுப் பக்கம் ஓடினேன்.

ராபியா நாற்காலியோடு கேட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தாள். நான்கு பெண்கள் தூக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தலைத்துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். நான் வாங்கப் போனபோது விடவில்லை.

"நேத்து மத்தியானமே மழ உட்ருச்சு," என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டு மிச்சத்தைச் சொன்னாள். "அவர் வருவாரு வருவாருன்னு நீங்க குந்திக்கினு இருந்தீங்க. இன்னிக்கு அவரைக் கூப்ட்டது நானு."

எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. அந்த நிலைமையில் இருந்தவள் மேல். அதையும் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் அர்த்தம் இல்லை. ஊக்கைப் பிடுங்கிக்கொண்டு திரும்பினேன்.

ஓட்டையைக் குத்தித் திறந்து, எண்ணெய் ஊற்றி, சுவரில் கோடு விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு மறுபடியும் இறங்கினேன். அடிமரத்தில் முக்கால்வாசி போனதும் மரம் கனத்தில் அழுந்தி, பட்டையைக் கவ்விக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. நான் மரத்தைத் திட்டினேன், மதிலைத் திட்டினேன், புயலைத் திட்டினேன். ராஜசேகரன் சார் யாரும் சொல்லாமலே எங்கிருந்தோ கடப்பாரை கொண்டுவந்து அடியில் கொடுத்து, மேலே மொத்த உடம்பையும் போட்டுத் தொங்கினார். அறுபத்தெட்டு வயசு. வேட்டி அவிழ்ந்து தண்ணீரில் மிதந்தது, டிராயரோடு தொங்கினார். விரல் அளவு வாய் திறந்தது. பட்டையை உருவிக்கொண்டேன். அடிப்பக்கத்திலிருந்து மேலே அறுத்தேன். துண்டு உருண்டு விழுந்தது. மூன்றடி வழி. மணி பத்தே முக்கால்.

நாற்காலியின் ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க யார் என்று பார்ப்பதற்குள் அவர் பிடித்துவிட்டார். சண்டை போட நேரமில்லை. ராபியா நடுவில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபட்ட மரத்துக்கு நடுவில் பக்கவாட்டாகத் திரும்பித் திரும்பிப் போனோம். அவள் சேலை ஒரு குச்சியில் மாட்டியது. அவர் ஒரு கையால் நாற்காலியைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் கிழியாமல் எடுத்துவிட்டார். ஆம்புலன்சில் ஏற்றிக் கதவு சாத்தும்போது கிட்டே வந்தார்.

"அன்னிக்கு நான் சொன்னது தப்பு பாய்."

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஒரு வருஷம் காத்திருந்தேன். காதில் விழுந்தது. அவ்வளவுதான், வேறொன்றும் ஆகவில்லை. இப்ப என்னாத்துக்கு சார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.

சென்டருக்குப் போனபோது பதினொன்றே முக்கால். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க் வைத்துவிட்டு, எடை பார்த்தார்கள். வழக்கத்தைவிட ஐந்தரை கிலோ கூட. அத்தனையும் தண்ணீர். டாக்டர் ஓடிவந்து பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று மணி நேரம் போயிருந்தால் என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டார். குழாய் மாட்டி ரத்தம் மெஷினுக்குள் ஓட ஆரம்பித்த பிறகுதான் என் ஈரச் சட்டையின் குளிர் எனக்கே தெரிந்தது. அந்த மெஷினைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு அட்டை தொங்கியது. என்றைக்குக் கழுவினார்கள், என்றைக்கு ஃபில்டர் மாற்றினார்கள் என்று ஒவ்வொரு நாளும் தேதி போட்டுக் கையெழுத்து இருந்தது. அதற்கு மேல் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

சிஸ்டர் அனுசுயா ஃபாரத்தோடு வந்தார். எங்களை ஒரு வருஷமாகத் தெரிந்தவர். ஒரு முறை தவறிவிட்டால் காரணம் எழுத வேண்டுமாம். என்ன எழுதட்டும் அண்ணா என்று கேட்டார்.

"மரம் விழுந்துருச்சு சிஸ்டர்," என்றேன்.

ராபியா குழாய் மாட்டாத கையால் மாஸ்க்கை ஓரமாக நகர்த்தினாள்.

"மரத்தைச் சொல்லாதீங்க," என்றாள். திரும்ப மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் பார்த்தாள்.

சிஸ்டர் பேனாவை வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். என் கோபமெல்லாம் அங்கேதான் இருந்தது, கொஞ்சமும் குறையவில்லை. அதைக் காட்டுவதற்குத்தான் ஆள் யாரும் மிச்சம் இல்லை. சொன்னேன். தெருவில் ஒரு மெஷின் இருந்தது, அது ரிப்பேர் என்று அக்டோபரில் வீடு தேடி வந்து கூப்பிட்டார்கள், எனக்குத் தெரிந்த வேலை, அரை மணி நேர வேலை, நான் போகவில்லை, அதை எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதையெல்லாம் எழுத இதில் இடமில்லை அண்ணா என்று ஆறுதலாகச் சிரித்துவிட்டு, 'மரம் விழுந்து வழி அடைப்பு' என்று எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார். அன்வர் பாஷா என்று போட்டுக் கொடுத்தேன்.